எம்எஸ்சி ஜுவாலஜி, பாட்டனி சேர்ந்தாச்சா? எல்லாத்தையும் ஒரு செமஸ்டர் முன்னாடியே யோசிங்க

எம்எஸ்சின்னா ரெண்டு வருஷம்னு ப்ராஸ்பெக்டஸ்ல போட்டிருக்கும், அதை அப்படியே நம்பிடாதீங்க. அட்மிஷன் ஆகஸ்ட் வரைக்கும் இழுக்கும், கிளாஸ் சூடு பிடிக்கிறதுக்குள்ள முதல் இன்டர்னல் வந்து நிக்கும், நடுவுல ஆயுத பூஜை, தீபாவளி, மழை லீவு, நவம்பர்ல செமஸ்டர் எக்ஸாம். கடைசி செமஸ்டர் பாதிக்கு மேல ப்ராஜெக்ட்டுக்கே போயிடும். கூட்டிக் கழிச்சுப் பார்த்தா உட்கார்ந்து படிக்கிற காலம் ஒரு வருஷத்துக்கு கொஞ்சம் மேல, அவ்வளவுதான். இதுல பெரிய கூத்து என்னன்னா உருப்படியான தேதி எல்லாமே, ஸ்காலர்ஷிப், சம்மர் ஃபெலோஷிப், ப்ராஜெக்ட் கைடு, நெட், கேட்ங்கற தேசியத் தேர்வுகள் எல்லாமே, நாம எதிர்பார்க்கிறதுக்கு ஒரு செமஸ்டர் முன்னாடியே வந்துட்டு சத்தமில்லாம போயிடும். அதனால இங்க சொல்லப் போறது பூராவும் ஒரே விஷயத்தை சுத்தித்தான்: எதை எப்போ ஆரம்பிக்கணும்.

நான் சொல்றது தமிழ்நாட்டுல யுனிவர்சிட்டி டிபார்ட்மென்ட்லயோ அஃபிலியேட்டட், அட்டானமஸ் காலேஜ்லயோ ஜுவாலஜி, பாட்டனி, பயோடெக், மைக்ரோ, பயோகெமிஸ்ட்ரி படிக்கிறவங்களுக்கு. ஐஐடி, ஐசர் மாதிரி மத்திய அரசு நிறுவனங்களோட கணக்கு வேற.

முதல் மாசம்

சேர்ந்த வாரமே உங்க கோர்ஸோட ரெகுலேஷன், சிலபஸ் ரெண்டையும் பிடிஎஃப்பா இறக்கி முழுசா படிங்க. யாரும் படிக்கிறதில்ல, அப்புறம் மூணாவது செமஸ்டர்ல "எனக்கு ரெண்டு கிரெடிட் குறையுதாம்"னு ஆபீஸ் வாசல்ல நிப்பாங்க. பல இடத்துல இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75, பிஜிக்கு பாஸ் மார்க் 50. அட்டானமஸ்ல 40-60, 50-50ன்னு மாறும். எக்ஸ்டர்னல்ல தனியா குறைஞ்சபட்ச மார்க் வேணுமா, இன்டர்னல் போனா திரும்ப எழுத விடுவாங்களா, ஸ்வயம்ங்கற மத்திய அரசு ஆன்லைன் கோர்ஸ் முடிச்சா கிரெடிட் குடுப்பாங்களா, இந்த மூணுக்கும் பதில் அந்த பிடிஎஃப்லயே இருக்கும். அட்டெண்டன்ஸ் 75 சதவீதம், அதுல விளையாடாதீங்க. ரேங்க், மெடல் ஆசை இருந்தா ஒரு அரியர் கூட ஆகாது, பெரும்பாலான யுனிவர்சிட்டில முதல் தடவையே எல்லா பேப்பரும் பாஸ் ஆனாதான் கணக்குல எடுப்பாங்க.

அடுத்தது பணம். நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல்ல பிஜி படிக்கிறவங்களுக்குன்னு யுஜிசி ஸ்காலர்ஷிப் ஒண்ணு இருக்கு, மாசம் 15,000 ரூபா, வருஷத்துக்கு 10 மாசம். முதல் வருஷத்துல இருக்கும்போது மட்டும்தான் புதுசா அப்ளை பண்ண முடியும், அதை விட்டா ரெண்டாவது வருஷத்துல கேட்டு பிரயோஜனம் இல்ல. யுஜி மார்க் நல்லா இருக்கறவங்க கண்டிப்பா போடுங்க. எஸ்சி, எஸ்டி போஸ்ட் மெட்ரிக், பிசி எம்பிசி ஸ்காலர்ஷிப் எல்லாம் காலேஜ் ஆபீஸ் வழியா வரும். வருமான சான்றிதழ், சாதி சான்றிதழ், ஆதார் இணைச்ச பேங்க் அக்கவுண்ட் மூணையும் ஒரு ஃபைல்ல ரெடியா வச்சிருந்தீங்கன்னா கடைசி நாள்ல இ-சேவை மையத்துல போய் கையைப் பிசைஞ்சுட்டு நிக்க வேண்டாம்.

தியரி, அப்புறம் இங்கிலீஷ்

முதல் செமஸ்டர்ல ஆளைக் கவுக்குறது பெரும்பாலும் பயோகெமிஸ்ட்ரி, பயோஸ்டாடிஸ்டிக்ஸ், செல் பயாலஜி மூணும்தான். அனிமல் டைவர்சிட்டி, பிளான்ட் டைவர்சிட்டி எல்லாம் யுஜில பார்த்ததுதான், கொஞ்சம் ஆழம் கூடியிருக்கும், அவ்வளவுதான். பயோஸ்டாட்ல தப்பிக்க ஒரு வழி: ஃபார்முலாவை மனப்பாடம் பண்றதுக்கு முன்னாடி, எந்த மாதிரி டேட்டாவுக்கு எந்த டெஸ்ட்டுன்னு மட்டும் பிடிச்சுக்கோங்க. ரெண்டு குரூப்போட சராசரியை ஒப்பிடணும்னா டி-டெஸ்ட், மூணு அதுக்கு மேலன்னா அனோவா, எண்ணிக்கையா பிரிச்சு வச்ச டேட்டான்னா கை ஸ்கொயர். இது எக்ஸாமுக்காக மட்டும் இல்ல, ப்ராஜெக்ட் டேட்டா கையில வரும்போது இதேதான் வேணும், அன்னைக்கு போய் யார்கிட்டயோ 500 ரூபா குடுத்து "ஸ்டாட்ஸ் போட்டு குடுங்க"ன்னு கேக்கற நிலைமை வரக்கூடாது. பாஸ்ட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, எக்ஸெல் தெரிஞ்சவங்களுக்கு அதுவே தாராளம், ஆர்ங்கற புரோகிராமிங் மொழியைக் கத்துக்கிட்டா இன்னும் நல்லது.

தமிழ் மீடியத்துல யுஜி முடிச்சு வந்தவங்களுக்கு தனியா ஒண்ணு சொல்லணும். உங்களுக்கு சப்ஜெக்ட் தெரியாம இல்ல, எழுத வரலை, ரெண்டும் வேற வேற பிரச்சனை. தினமும் ஒரு டாபிக்கை எடுத்து, உதாரணத்துக்கு டிஎன்ஏ ரெப்ளிகேஷன், முதல்ல தமிழ்லயே பக்கத்துல இருக்கறவங்களுக்கு வாய்விட்டு சொல்லிப் பாருங்க, படமும் போடுங்க, அப்புறம் அந்தப் படத்துல இருக்கற ஒவ்வொரு அம்புக்குறிக்கும் ஒரு சின்ன இங்கிலீஷ் வாக்கியம் எழுதுங்க. எட்டு அம்பு இருந்தா எட்டு வாக்கியம், அதுதான் உங்க ஆன்சர். பேப்பர் திருத்துறவங்க அலங்கார இங்கிலீஷ் எதிர்பார்க்கல, லேபிள் போட்ட படமும் வரிசையா வந்த பாயிண்ட்டும் இருந்தா மார்க் விழும். செமினார்ல தடுமாறினா தடுமாறட்டும், முதல் செமஸ்டர்லயே ஆரம்பிச்சுடுங்க, ஏன்னா கடைசில வைவாவுக்கு வர்றவங்க உங்களுக்கு முன்ன பின்ன தெரியாதவங்களா இருப்பாங்க.

கொஸ்டின் பேப்பர் பேங்க் வச்சு மட்டும் படிக்கிற பழக்கம் மார்க் வாங்கித் தரும், மறுக்கல. ஆனா நெட் தேர்வுல யோசிச்சுப் போட வேண்டிய பார்ட் சி பகுதி வந்தா அந்தப் படிப்பு அடிமடியில கை வச்சுடும்.

லேப்

யுஜில கரப்பான் பூச்சியும் மண்புழுவும் அறுத்த தலைமுறை முடிஞ்சு போச்சு, 2014-ல யுஜிசி விலங்கியல் பிராக்டிக்கல்ல டிசெக்ஷனை நிறுத்தச் சொல்லிடுச்சு. இப்போ ஸ்பாட்டர், சார்ட், மவுண்டிங், மத்தபடி பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோ, மாலிகுலர் எக்ஸ்பெரிமெண்ட்தான். பிரச்சனை என்னன்னா பல காலேஜ்ல டிஎன்ஏவைப் பெருக்கற பிசிஆர் மெஷின் ஒண்ணு, ஸ்டூடண்ட்ஸ் முப்பது பேர், மேடம் செஞ்சு காட்டுவாங்க, நாம சுத்தி நின்னு பார்த்துட்டு ரெக்கார்ட் எழுதிடுவோம். அப்படியே ரெண்டு வருஷமும் போச்சுன்னா கையில பிபெட் பிடிக்கத் தெரியாத எம்எஸ்சியா வெளிய வருவீங்க. அதனால லேப் முடிஞ்சு எல்லாரும் கேன்டீனுக்கு ஓடும்போது நீங்க பத்து நிமிஷம் நில்லுங்க. லேப் அட்டெண்டர் அண்ணன்கிட்டயும் பிஎச்டி பண்ற ஸ்காலர் அக்காக்கள்கிட்டயும் நல்லபடியா பேசி வைங்க, "அக்கா, நாளைக்கு மீடியா போடறீங்களா, நானும் கூட நிக்கட்டா"ன்னு கேட்டா பெரும்பாலும் யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க, அவங்களுக்கும் கை ஒத்தாசை தேவைதான்.

முதல்ல மைக்ரோபிபெட், அதாவது துளியூண்டு திரவத்தை அளந்து எடுக்கற கருவி. தண்ணி எடுத்து பேலன்ஸ்ல விட்டுப் பாருங்க, 100 மைக்ரோலிட்டர் தண்ணி 100 மில்லிகிராம் காட்டணும். பத்து தடவை விட்டா பத்து தடவையும் கிட்டத்தட்ட அதே எடை வருதான்னு பாருங்க. வரலைன்னா ஒண்ணு பிபெட் கேலிப்ரேஷன் போயிருக்கு, இல்ல நீங்க கட்டை விரலை சட்டுன்னு விடறீங்க. எடுக்கும்போது முதல் ஸ்டாப், வெளிய விடும்போது ரெண்டாவது ஸ்டாப், இது கைக்குப் பழகணும். டிப் நேரா முங்கணும், ரொம்ப ஆழமா முக்கினா வெளிப்பக்கம் ஒட்டிட்டு வர்ற துளி கணக்கைக் கெடுக்கும்.

டிஎன்ஏவை கரண்ட் வச்சு பிரிச்சுப் பார்க்க ஜெல் ஓட்டறதுல எல்லாரும் மாட்டற இடம் ரெண்டு. அகரோஸை பஃபர்ல கரைக்காம பழக்க தோஷத்துல டிஸ்டில்டு வாட்டர்ல கரைச்சுடறது, அப்புறம் டேங்கை திருப்பி வைக்கறது. ஒரு சதவீத ஜெல்னா 100 மில்லி டிஏஇ பஃபர்ல ஒரு கிராம் அகரோஸ், டேங்க்லயும் அதே பஃபர்தான். டிஎன்ஏவுக்கு நெகட்டிவ் சார்ஜ், அதனால சிவப்பு வயர் பக்கம் ஓடும், வெல் (சாம்பிள் ஊத்தற குழி) இருக்கற பக்கம் கருப்பு வயர் வரணும். கரண்ட் போட்டதும் எழுந்து போயிடாதீங்க, நீல டை எந்தப் பக்கம் நகருதுன்னு அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு போங்க, தப்பா இருந்தா அப்பவே திருப்பிடலாம். ஜெல்ல டிஎன்ஏவைப் பார்க்கப் போடற எத்திடியம் புரோமைடு தொட்ட கிளவுஸோட மொபைல எடுக்கறதை எத்தனையோ லேப்ல பார்க்கறோம், அது டிஎன்ஏக்குள்ள போய் உட்கார்ற கெமிக்கல், அந்த மொபைலைத்தான் ராத்திரி தலைமாட்டுல வச்சுட்டு தூங்கறீங்க.

ரெக்கார்ட் நோட்டு வேற, லேப் நோட்டு வேற. ரெக்கார்ட் எக்ஸாமுக்கு, போனஃபைடு பக்கத்துல சைன் வாங்கி சப்மிட் பண்ண. லேப் நோட்டு உங்களுக்கு. பெட்டிக்கடை கடன் நோட்டு மாதிரி இருக்கணும் அது, என்னைக்கு, எது, எவ்வளவு, மிச்சம் என்னன்னு அப்பப்போ எழுதினாதான் கணக்கு. தேதி, கெமிக்கல் கம்பெனி பேரு, பாட்டில்ல இருக்கற லாட் நம்பர், எத்தனை கிராம் எடைபோட்டீங்க, ஆட்டோகிளேவ் 121 டிகிரி 15 நிமிஷம் ஓடுச்சா இல்ல நடுவுல கரண்ட் போச்சா, எல்லாமும். வேலை செய்யாத எக்ஸ்பெரிமெண்டையும் எழுதுங்க, அடிச்சுட்டு போங்க, பக்கத்தைக் கிழிக்காதீங்க. வாட்ஸாப்ல போட்டோ எடுத்து அனுப்பிக்கிட்டது எல்லாம் நோட்டு ஆகாது, மூணு மாசம் கழிச்சு எந்தப் பிளேட் எதுன்னே தெரியாது.

ரெண்டாவது செமஸ்டர்தான் முக்கியம்

யாரைக் கேட்டாலும் நாலாவது செமஸ்டர்தான் ப்ராஜெக்ட், அப்போ பார்த்துக்கலாம்பாங்க. என்னைக் கேட்டா ரெண்டாவது செமஸ்டர் முடியறதுக்குள்ள கைடு யாரு, கேள்வி என்னங்கறது முடிவாகிடணும். சும்மா சொல்லல, காரணம் நம்ம ஊர் மழை. வடகிழக்கு பருவமழை அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும், அதாவது மூணாவது செமஸ்டர்ல. ஏரித் தண்ணில மிதக்கற சின்னச் சின்ன உயிர்களான பிளாங்க்டன் மழைக்கு முன்னாடி எப்படி, பின்னாடி எப்படின்னு பார்க்கணும்னா முதல் சாம்பிளை செப்டம்பர்லயே எடுத்திருக்கணும். டிசம்பர் கடைசில ப்ராஜெக்ட் ஆரம்பிச்சா மழை போயே போச்சு, அடுத்த மழை வரும்போது நீங்க காலேஜ்லயே இருக்க மாட்டீங்க. கோடியக்கரை, வேடந்தாங்கல், பள்ளிக்கரணைன்னு வலசைப் பறவை கணக்கெடுக்கறவங்களுக்கும், செடி பூக்கற காலம் பார்க்கறவங்களுக்கும் இதே கதைதான்.

அனுமதியும் அப்படித்தான். காட்டுக்குள்ள சாம்பிள் எடுக்க வனத்துறை பர்மிஷன் வேணும், அது மாசக்கணக்குல ஆகும். எலி, முயல் வச்சு வேலைன்னா காலேஜோட அனிமல் எதிக்ஸ் கமிட்டி கூடி ஒப்புதல் குடுக்கணும், அந்தக் கமிட்டி நீங்க நினைச்சப்போ கூடாது. பேஷண்ட் ரத்தம், யூரின் சாம்பிள்னா அதுக்கு வேற எதிக்ஸ் கமிட்டி. இதெல்லாம் வேணாம்னா ஈ, கொசு லார்வா, மண்புழு, பாக்டீரியா, பாசின்னு போங்க, நாலு மாசத்துக்குள்ள முடியற வேலைக்கு அதுவே பொருத்தம். மண்டபம், ராமேஸ்வரம் டூர் போறப்போ ஸ்பெசிமன் சேர்க்கறேன்னு கடற்குதிரை, கடல் அட்டை, பவளப்பாறைத் துண்டு எதையும் பைக்குள்ள போட்டுடாதீங்க, எல்லாம் 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல வர்றது, செத்து ஒதுங்கினதா இருந்தாலும் தப்புதான்.

கைடுகிட்ட போறது எப்படி? "சார், ஏதாவது டாபிக் குடுங்க சார்"னு போனா அவர் டிராயர்ல ரெடியா இருக்கற, ஏற்கனவே நாலு பேர் பண்ணின டாபிக்தான் கிடைக்கும். அதுக்கு பதிலா அவங்க எழுதின பேப்பர் ரெண்டை படிச்சுட்டு போங்க. "மேம், உங்க கொசு லார்வா பேப்பர் படிச்சேன், அதுல லேப்ல வளர்த்த லார்வாவைத்தான் டெஸ்ட் பண்ணியிருக்கீங்க, நம்ம ஊர் சாக்கடைல பிடிச்ச லார்வாவுக்கும் அதே டோஸ் போதுமான்னு பார்க்கலாமா மேம்"னு ஒரு வரி கேட்டுப் பாருங்க, அவங்க முகமே மாறும். கைடை தேர்ந்தெடுக்கும்போது பேரு பெரிசா இருக்கான்னு பார்க்கறதை விட, வாரத்துக்கு ஒரு தடவையாவது உட்கார்ந்து பேசுவாங்களா, லேப்ல கெமிக்கல் இருக்கா, அவங்ககிட்ட முன்னாடி பண்ணின சீனியர் என்ன சொல்றாங்கன்னு விசாரிங்க. ரிட்டயர்மென்ட் எப்போன்னும் நாசூக்கா தெரிஞ்சுக்கோங்க.

இப்போ அந்த இலைச்சாறு விவகாரம். தமிழ்நாட்டுல எம்எஸ்சி ப்ராஜெக்ட்னா பாதிக்குப் பாதி ஏதோ ஒரு மூலிகை இலையை நிழல்ல காய வச்சு, பொடிச்சு, மெத்தனால்ல ஊறப்போட்டு, ஈ.கோலி மேலயும் ஸ்டஃபைலோகாக்கஸ் மேலயும் ஊத்தி, பாக்டீரியா வளராத வட்டம் எத்தனை மில்லிமீட்டர்னு அளக்கறதுதான். துளசி, ஆடாதொடை, வேப்பிலை எல்லாம் எத்தனை தடவை பண்ணியாச்சோ. அதுக்காக நீங்க பண்ணக்கூடாதுன்னு சொல்லல, காசு கம்மி, டைம் கம்மி, ஒத்துக்கறேன். ஆனா பண்றதை ஒழுங்கா பண்ணுங்க. முதல்ல செடியை அடையாளம் காட்டி சான்றிதழ் வாங்குங்க, கோயம்புத்தூர் பிஎஸ்ஐ (இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம்), திருச்சி செயின்ட் ஜோசப் காலேஜ்ல உலர்ந்த செடிகளைச் சேர்த்து வச்சிருக்கற ராபினாட் ஹெர்பேரியம் மாதிரி இடத்துல பூ, காயோட உள்ள கிளையைக் குடுத்தா சொல்லுவாங்க, வெறும் இலையைக் கொண்டு போகாதீங்க. பாக்டீரியா கல்ச்சரோட அடர்த்தியை 0.5 மெக்ஃபார்லண்ட் ஸ்டாண்டர்டுக்கு சரி பண்ணிட்டு முல்லர் ஹின்டன் அகர்ல தடவுங்க, ஒவ்வொரு பிளேட்லயும் ஆன்டிபயாடிக் ஒரு வெல், எக்ஸ்ட்ராக்டை எதுல கரைச்சீங்களோ அந்த டிஎம்எஸ்ஓ மட்டும் ஒரு வெல் கண்டிப்பா இருக்கணும், மூணு பிளேட்டாவது போடணும். டிஎம்எஸ்ஓ வெல்லைச் சுத்தியும் வட்டம் விழுந்துச்சுன்னா உங்க இலைக்கு ஒரு வேலையும் இல்ல, கரைப்பான்தான் கொன்னிருக்கு. இந்த ஒரு வெல் இல்லாம எத்தனையோ ப்ராஜெக்ட் பைண்டிங் ஆகி ஷெல்ஃப்ல உட்கார்ந்திருக்கு. முடிஞ்சா அதுலயே ஒரு உண்மையான கேள்வியை சேருங்க: ரோட்டோரத்துல எடுத்த இலைக்கும் வயல்ல எடுத்த இலைக்கும் வித்தியாசம் இருக்கா, இளசுக்கும் முத்தலுக்கும் வித்தியாசம் இருக்கா. அப்போ வைவால பேச உங்களுக்கே விஷயம் இருக்கும்.

ப்ராஜெக்ட் சென்டர்னு ஒவ்வொரு ஊர்லயும் போர்டு தொங்குது, பணம் கட்டினா டாபிக், ரிசல்ட், தீசிஸ் மூணும் கைக்கு வந்துடும். நிஜமாவே கத்துக்குடுக்கற இடமும் இருக்கு, பெஞ்சுல உங்களை நிக்க விடறாங்களான்னு ஒரு நாள் போய் பார்த்தா தெரிஞ்சுடும். "நீங்க வரவே வேணாம், நாங்க பார்த்துக்கறோம்"னு சொன்னா திரும்பிப் பார்க்காம வந்துடுங்க. அங்க பண்ணின ஜெல் படமே வேற ஒருத்தரோட தீசிஸ்லயும் இருக்கும்.

சம்மர்

பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ்ல இருக்கற மூணு சயின்ஸ் அகாடமியும் சேர்ந்து நடத்தற சம்மர் ரிசர்ச் ஃபெலோஷிப்தான் நம்ம மாதிரி காலேஜ் பசங்களுக்கு பெரிய லேப் உள்ள நுழைய நல்ல வாசல். ரெண்டு மாசம், உதவித்தொகையும் உண்டு, எம்எஸ்சி முதல் வருஷம் படிக்கிறவங்க போடலாம். ஆனா அப்ளிகேஷன் முந்தின வருஷக் கடைசிலயே வந்துடும், அதாவது நீங்க முதல் செமஸ்டர் எக்ஸாமுக்கு படிச்சுட்டு இருக்கும்போது. என்ன பண்ண ஆசைன்னு நீங்களே ஒரு குறிப்பு எழுதணும், ஒரு ஆசிரியரோட ரெகமண்டேஷனும் வேணும், சேர்ந்து மூணு மாசத்துல உங்க பேரு தெரிஞ்ச ஆசிரியர் ஒருத்தராவது இருக்கணும்னா கிளாஸ்ல வாயைத் திறந்திருக்கணும், அதுக்குத்தான் முதல்லயே பேசுங்கன்னு சொல்றது.

அது கிடைக்கலைன்னா நேரா மெயில் போடுங்க. பரங்கிப்பேட்டைல அண்ணாமலை பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையம், ஆனைகட்டில பறவை ஆராய்ச்சிக்கான சாகான், சென்னைல எம்எஸ் சுவாமிநாதன் ஃபவுண்டேஷன், காசநோய்க்கான என்ஐஆர்டி, இறால் ஆராய்ச்சி பண்ற சிபா, பாண்டிச்சேரில கொசு ஆராய்ச்சிக்கான விசிஆர்சின்னு பக்கத்துலயே எவ்வளவோ இருக்கு. மெயில் பத்து வரிக்கு மேல போகக்கூடாது. "ரெஸ்பெக்டட் சார்"னு ஆரம்பிச்சு ஒரே மெயிலை அம்பது பேருக்கு தட்டினா அது குப்பைக்குத்தான் போகும். அவங்க வேலைல எது பிடிச்சது, உங்களுக்கு என்ன டெக்னிக் தெரியும், எந்தத் தேதில இருந்து எந்தத் தேதி வரைக்கும் வர முடியும், இது போதும். பதில் வரலைன்னா பத்து நாள் கழிச்சு ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க, அதுக்கு மேல வேண்டாம்.

மூணாவது செமஸ்டர், நெட், கேட்

சிஎஸ்ஐஆர் நெட் லைஃப் சயின்சஸ் வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஜூன், டிசம்பர்னு பேரு, நடக்கற மாசம் தள்ளித் தள்ளிப் போகும். ஃபைனல் இயர்ல இருக்கும்போதே எழுதலாம், எம்எஸ்சில ஜெனரலுக்கு 55 சதவீதம் வேணும், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு தளர்வு உண்டு. மூணு மணி நேரம், 200 மார்க். பார்ட் ஏ கணக்கு, லாஜிக் மாதிரி, 20-ல 15 எழுதணும். பார்ட் பி 50-ல 35, பார்ட் சி 75-ல 25, பார்ட் சில மட்டும் ஒரு கேள்விக்கு நாலு மார்க், எந்தப் பார்ட்லயும் தப்பானா அந்தக் கேள்வி மார்க்ல கால்வாசி போகும். சிலபஸ் 13 யூனிட். பதிமூணையும் படிக்கிறேன்னு ஆரம்பிச்சு எதையும் முடிக்காதவங்கதான் அதிகம். சாய்ஸ் இவ்வளவு தாராளமா இருக்கறதால ஆறேழு யூனிட்டை நல்லா ஆழமா பிடிச்சாலே போதும், பார்ட் ஏவை யாரும் மதிக்கறதில்ல, ஆனா பழைய கேள்வி போட்டுப் பழகினா அங்க விழற 20, 24 மார்க்தான் கட் ஆஃபைத் தாண்ட வைக்கும். நெட் மூலமா வர்ற ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்புறம் 42,000, கூடவே வீட்டு வாடகைப் படி.

கேட்ல ரெண்டு மூணு வழி இருக்கு. பயோடெக் பேப்பர் ஒண்ணு, லைஃப் சயின்சஸ்னு எக்ஸ்எல் ஒண்ணு, எக்காலஜி எவல்யூஷன் தனியா ஒண்ணு. எக்ஸ்எல்ல கெமிஸ்ட்ரி கட்டாயம், 25 மார்க், அதுக்குப் பயந்துதான் ஜுவாலஜி பசங்க ஓடறாங்க, ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியைத் தூசி தட்டினாலே பாதி தேறிடும். மீதிக்கு பயோகெமிஸ்ட்ரி, பாட்டனி, மைக்ரோ, ஜுவாலஜி, ஃபுட் டெக்னாலஜில ஏதாவது ரெண்டு. எக்ஸாம் பிப்ரவரி, ஆனா அப்ளிகேஷன் ஆகஸ்ட், செப்டம்பர்லயே திறந்துடும், அதாவது மூணாவது செமஸ்டர் ஆரம்பத்துல, அதைக் கோட்டை விட்டுட்டு ஜனவரில கேட்டா ஒண்ணும் பண்ண முடியாது. ஸ்கோர் மூணு வருஷம் செல்லும்.

நெட் கோச்சிங் அவசியமா? பணம் இருந்தா போங்க. இல்லைன்னாலும் ஐஐடிகளோட ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல்ல நல்ல லெக்சர் இருக்கு, நாலு பேர் சேர்ந்து சாயங்காலம் பழைய பேப்பர் போட்டாலே ஓடிடும்.

எழுதறதும் வைவாவும்

நாலாவது செமஸ்டர் ஆரம்பிக்கும்போது மெட்டீரியல்ஸ் அண்ட் மெத்தட்ஸ் பகுதி எழுதி முடிச்சிருக்கணும், ஏன்னா அது லேப் நோட்டுல ஏற்கனவே இருக்கு. ரெவ்யூ ஆஃப் லிட்ரேச்சருக்கு பப்மெட் வெப்சைட், பழைய பிஎச்டி தீசிஸ்க்கு சோத்கங்கா வெப்சைட். படிச்ச அன்னைக்கே பேப்பரை ஜோட்டிரோங்கற ரெஃபரன்ஸ் சாஃப்ட்வேர்ல போட்டு வச்சீங்கன்னா கடைசி வாரத்துல ரெஃபரன்ஸ் அடிக்கற நரகம் இல்ல. சீனியர் தீசிஸை எடுத்து பேரை மாத்தறது இனி நடக்காது, யுஜிசி 2018 விதிப்படி மத்தவங்க எழுத்தோட ஒத்துப்போறது 10 சதவீதம் வரைக்கும்தான் பிரச்சனை இல்லாத எல்லை, அதுக்கு மேல போனா திருப்பி எழுதச் சொல்லுவாங்க. படிச்சதை மூடி வச்சுட்டு சொந்தமா எழுதறதுதான் ஒரே வழி, வார்த்தையை மாத்திப் போடற வெப்சைட்ல போட்டு எடுத்தா "செல் டெத்" எல்லாம் என்னவோ ஆகி வந்து நிக்கும்.

ரிசல்ட் வரலைன்னா ஜோடிக்காதீங்க. எம்எஸ்சி தீசிஸ்க்கு நெகட்டிவ் ரிசல்ட் வந்தா யாரும் ஃபெயில் போட மாட்டாங்க, ஏன் வரலைன்னு ஒரு பக்கம் உருப்படியா எழுதினா அதுக்கே மார்க் உண்டு. கிராஃப்ல எரர் பார் போடுங்க, அது ஸ்டாண்டர்டு டீவியேஷனா, ஸ்டாண்டர்டு எரரான்னு கீழ எழுதுங்க. இந்தக் கேள்வி வைவால வந்தே தீரும். கூடவே வர்ற மத்த கேள்விகள்: ஏன் இந்த ஊரு, ஏன் இந்த ஸ்பீசீஸ், கண்ட்ரோல் எது, எத்தனை ரெப்ளிகேட், இந்தக் கெமிக்கல் எதுக்கு. டிஎன்ஏ வரிசையை ஒப்பிடற பிஎல்ஏஎஸ்டி பண்ணியிருந்தா ஈ-வேல்யூன்னா என்னன்னு கேப்பாங்க. தெரியலைன்னா "தெரியல சார், பார்த்துக்கறேன்"னு சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுங்க, உளறினா அங்கயே பிடிச்சுட்டு உட்கார்ந்துடுவாங்க.

பைண்டிங் கடைல ஏப்ரல் மாசம் கூட்டம் தாங்காது. எம்போஸிங் எழுத்து, டிபார்ட்மென்ட் கலர், எத்தனை காப்பி எல்லாம் முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க, கைடு சைன், எச்ஓடி சைன் வாங்க ரெண்டு நாள் தனியா ஒதுக்குங்க. ரெண்டு பேரும் ஒரே நாள்ல காலேஜ்ல இருக்கறது அபூர்வம்.

முடிச்சதும்

வேலைப் பக்கம் யோசிக்கறவங்க ஒரு விஷயத்தை சேர்றதுக்கு முன்னாடியே பார்த்திருக்கணும், பார்க்கலைன்னா இப்பவாவது பாருங்க. பள்ளிக்கூடத்துல பிஜி டீச்சர் ஆகணும்னா டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வு, அதுக்கு பிஎட்டும் வேணும், யுஜி பிஜி ரெண்டும் அதே சப்ஜெக்ட்ல இருக்கணும். நீங்க படிச்ச எம்எஸ்சியோட பேரு கொஞ்சம் வித்தியாசமா இருந்தா, அது விலங்கியலுக்கோ தாவரவியலுக்கோ இணையானதுன்னு அரசாணை இருக்கான்னு தேடிப் பாருங்க. பேரு புதுசா, கவர்ச்சியா இருக்கற கோர்ஸ்ல சேர்ந்தவங்கதான் இங்க மாட்டறாங்க. காலேஜ் உதவிப் பேராசிரியர்னா நெட், இல்லைன்னா மாநில அளவுத் தேர்வான செட். பார்மா, டயக்னாஸ்டிக் லேப், ஃபுட் டெஸ்டிங், இறால் ஹேட்சரி பக்கம் போறவங்ககிட்ட இன்டர்வியூல மார்க்கை விட "நீங்களே கையால பண்ணியிருக்கீங்களா"ன்னுதான் கேப்பாங்க, அப்போ அந்த லேப் நோட்டை எடுத்துட்டுப் போங்க.

கடைசி செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் புரவிஷனல், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட், டிசி மூணையும் உடனே வாங்கிடுங்க, வேற யுனிவர்சிட்டில பிஎச்டின்னா மைக்ரேஷனும் வேணும். மார்க் ஷீட்ல பேரும் இனிஷியலும் பத்தாவது சான்றிதழ்ல இருக்கற மாதிரியே இருக்கான்னு கவுண்டரை விட்டு நகர்றதுக்கு முன்னாடி பாருங்க. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அன்னைக்கே எழுதிக் குடுத்துடுங்க, பட்டம் அச்சாகி வந்த பிறகு திருத்தறதுன்னா சலான், அஃபிடவிட்னு அலைஞ்சே மாளணும்.